ட்ரோன்: வலவன் ஏவும் ஊர்தியும் ஏவா ஊர்தியும்

கிணத்துக்கடவுப் பக்கத்துக் கல்குவாரியில் அதன் பெயர் ‘ட்ரோன்’. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்துச் சித்தூர் தாலுகாவுக்குள் நுழைந்தால் கடைசி எழுத்து மூணு சுழி ண் ஆகிவிடும். மலையாளத்தில் ‘ட்ரோண்’ என்றுதான் எழுதுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் அதுவே ‘ஹெலிகேம்’. செய்தித்தாளில் ஏறினால் ‘ஆளில்லா விமானம்’. இந்தக் கடைசிச் சொல் மட்டும் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் ட்ரோன் என்பது முதலில் ஆண் தேனீ. தேன் சேகரிக்காது, கொட்டாது என்பதால் சோம்பேறிக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. பறக்கும் கருவிக்கு அது வந்த வழி வேறு. 1935இல் பிரிட்டனில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக ஒரு விமானத்தை ரேடியோவால் ஓட்டினார்கள். டைகர் மாத் என்ற பயிற்சி விமானக் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கு ‘குயின் பீ’, அதாவது ராணித் தேனீ என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு அமெரிக்கக் கடற்படை தொடங்கிய வேலை டெல்மர் ஃபார்னி என்ற அதிகாரியிடம் வந்தது. 1936 வாக்கில் அங்கே ‘ட்ரோன்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ராணிக்குப் பின்னால் போவது ஆண் தேனீ என்பதே வழக்கமாகச் சொல்லும் காரணம். நான்கு விசிறியின் ரீங்காரத்தால் வந்த பெயர் என்று சிலர் எழுதுகிறார்கள். 1936இல் அந்த நாலு விசிறி எங்கே இருந்தது?

தமிழ் இலக்கணப்படி ட சொல்லுக்கு முதலில் வராது, மெய்யெழுத்தும் வராது. ‘ட்ரோன்’ இரண்டையும் ஒரே எழுத்தில் மீறுகிறது. அதற்காக ‘இட்ரோன்’ என்று யாரும் எழுதப் போவதில்லை.

மாற்றுச் சொற்களில் ‘ஆளில்லா விமானம்’ பழகியது, ஆனால் ‘விமானம்’ என்றதும் ஓடுபாதையும் சக்கரமும் மனதில் வரும். ‘ஆளில்லா வானூர்தி’ ஆவணங்களுக்குப் பொருந்தும். ‘ஆளிலி’ எல்லாவற்றிலும் சிறியது, வாலிலி போல இலக்கணமாகவும் அமைந்த சொல். என்ன பொருள் என்று கேட்காமல் புரிந்துகொள்பவர்தான் குறைவு. மூன்றுக்கும் ஒரு குறை பொது. பெயரிலேயே ஆளை அழித்துவிடுகின்றன. குவாரியிலும் காத்தாடியிலும் (மின்சாரம் எடுக்கும் காற்றாலை) இந்தக் கருவி விழுந்த இடத்தில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் கீழே நின்ற ஆள் தட்டிய ஏதோ ஓர் எண்ணாக இருக்கும்.

இதைப் பிரித்துச் சொல்லத் தமிழில் பழைய சொல் ஒன்று கிடக்கிறது. புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழ் பெற்றவர்கள் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ அடைவார்கள் என்று சோழன் நலங்கிள்ளியிடம் சொல்கிறார். வலவன் என்றால் தேரோட்டி. ஓட்டுபவன் செலுத்தாத, வானத்து வண்டி. இது இறந்தபின் போகும் மேலுலகத்தைப் பற்றிய பேச்சு. ‘அன்றே ட்ரோன் விட்டான் தமிழன்’ என்று இதை வைத்துப் பகிர்வது வீண் பெருமை. ஆனால் சொல் கச்சிதம். ஆள் இருக்கிறானா இல்லையா என்பதை விட்டுவிட்டு, ஓட்டுபவன் ஏவுகிறானா இல்லையா என்று கேட்கிறது. கல்குவாரி அளவையில் ஊர்தி பெரும்பாலும் வலவன் ஏவாமல் பறக்கிறது. காத்தாடி இறக்கையைப் பார்க்கும்போது பல இடங்களில் வலவனே ரிமோட் கைப்பிடியில் ஏவுகிறான். இரண்டிலும் தவறு வரும் இடம் வேறு வேறு.

குவாரியை எடுத்துக்கொள்வோம். எல்லையை வரைபடத்தில் குறித்து, உயரமும் படங்களின் மேற்பொருத்தமும் (ஒரு படம் அடுத்ததன் மேல் எவ்வளவு விழ வேண்டும் என்பது) கொடுத்தால், ஊர்தி தானே உழவு சால் போலக் கோடு கோடாகப் பறந்து படம் எடுக்கும். முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் என்று மேற்பொருத்தம் வைப்பது வழக்கம். கைப்பிடியை யாரும் தொடுவதில்லை. ஆனால் அந்த உயரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது? ஏற்றிய இடத்திலிருந்து. 45 மீட்டர் ஆழக் குழியின் அடியில் நின்று ஏற்றி, உயரம் 60 மீட்டர் என்று கொடுத்தால், குழியின் விளிம்பைத் தாண்டும்போது ஊர்தி தரையிலிருந்து வெறும் 15 மீட்டரில் இருக்கும். விளிம்போரத்துத் தென்னையும் கிரஷர் கன்வேயரும் அதைவிட உயரமாக இருக்கலாம். சிக்னல் போனால் திரும்பி வரும் உயரத்துக்கும் இதே கணக்குதான்.

மோதாமல் தப்பினாலும் கணக்கு கெடும். ஒரு அங்குல சென்சாரும் 8.8 மி.மீ. லென்ஸும் உள்ள கேமரா 60 மீட்டரிலிருந்து 90 மீட்டர் அகலம் பிடிக்கும். 70 சதவீத மேற்பொருத்தத்துக்குக் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 27 மீட்டர். விளிம்புக்கு மேல் 15 மீட்டரில் அதே கேமரா பிடிப்பது 22.5 மீட்டர் அகலம்தான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் 4.5 மீட்டர் பட்டை எந்தப் படத்திலும் இருக்காது. மென்பொருள் அந்த ஓட்டையைச் சும்மா விடாது, பக்கத்துப் புள்ளிகளை இழுத்து மூடிவிடும். திரையில் பார்த்தால் அழகான தரை. அதனால் விளிம்பிலிருந்து ஏற்றுவது, அல்லது தரை உயரத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும் முறையைப் போடுவது நல்லது. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்குக் கேமராவைச் சாய்த்து இன்னொரு சுற்று வேண்டும்; நேர் கீழே பார்க்கும் கேமராவுக்குச் சுவர் தெரியாது. குழியில் மழைத் தண்ணீர் நின்றால் அந்தப் பகுதியைக் கணக்கிலிருந்து வெட்டிவிட வேண்டும். தண்ணீரில் பொருத்த நிலையான புள்ளி கிடைக்காது, இல்லாத பள்ளங்கள் முளைக்கும்.

தரையில் கறுப்பு வெள்ளைக் குறிப்பலகைகள் வைப்பது உயரத்துக்காகத்தான். நான்கு மூலை, நடு, குழியின் அடி, ஒவ்வொரு பெஞ்சிலும் (வெட்டிய பாறைப் படி) ஒன்று என்று வைத்து டிஜிபிஎஸ் என்ற துல்லிய ஜிபிஎஸ்ஸால் அளக்க வேண்டும். இரண்டு மூன்று பலகைகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் ஒதுக்க வேண்டும். எல்லாம் மேட்டிலேயே இருந்து அடியில் ஒன்றுகூட இல்லையென்றால், அடித்தளம் கிண்ணம் போல வளைந்து வரும். ஒரு ஹெக்டேரில் உயரம் 10 செ.மீ. தவறினால் 1,000 கன மீட்டர் தவறு. அது 35,315 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் ஊர்க் கணக்கில் 353 யூனிட். கல் ஏற்றிப் போகும் வண்டிகளுக்குத் தரும் நடைச்சீட்டுக் கணக்கோடு பொருத்தும்போது அது சிறிய எண் அல்ல.

அந்த ஒப்பீட்டிலேயே இன்னொரு குழப்பம். ட்ரோன் அளப்பது பாறையாக இருந்த இடத்தின் கன அளவு. டிப்பரில் போவது உடைத்த கல். ஒரு கன மீட்டர் பாறை உடைந்தால் சுமார் ஒன்றரை கன மீட்டராக உப்பும். இதைச் சொல்லாமல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் யாரோ ஒருவர் மேல் திருட்டுப் பழி விழும். உயரத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஜிபிஎஸ் நேராகத் தரும் உயரம் இந்தப் பகுதியில் கடல்மட்ட உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவாக இருக்கும். போன வருட அளவை ஒரு வகை, இந்த வருடம் இன்னொரு வகை என்றால் மலையே காணாமல் போனது போலத் தெரியும்.

வேட்டுக்குக் கேப் (டெட்டனேட்டர்) கட்டத் தொடங்கிவிட்டால் ரிமோட்டை ஆன் செய்யவே கூடாது. மின் டெட்டனேட்டரின் கம்பி ரேடியோ அலையைப் பிடிக்கும் ஏரியல் போல ஆகிவிடலாம். ஹிட்டாச்சி பக்கத்தில் நின்று திசைகாட்டியைச் சரிசெய்வதும் வேண்டாம். இரும்பு அதை ஏமாற்றும்.

சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கு இந்த அளவை சட்டக் கடமை. 2021இல் திருத்திய மத்திய விதிப்படி, குத்தகைப் பரப்பு 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ, அல்லது ஆண்டுத் திட்ட அகழ்வு 10 லட்சம் டன்னோ அதற்கு மேலோ இருந்தால், எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை சேர்த்து ஆண்டுதோறும் ட்ரோன் அளவை செய்ய வேண்டும். கருங்கல் சிறுகனிமம், அது மாநில விதிக்குள் வரும்.

இனி காத்தாடி. மலையாளத்திலும் ‘காற்றாடி’தான், ‘காற்றாலை’ புத்தகச் சொல். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று புகுந்து வரும்போது இறக்கை நிற்காது, நிறுத்தவும் யாருக்கும் மனம் வராது. சிறிய ட்ரோன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 10 முதல் 12 மீட்டர் காற்று வரைதான் தாங்கும். ஆகவே சீசனுக்கு முன்னால், காலையில், காத்தாடியை நிறுத்திப் பூட்டிவிட்டு வேலை. ஓர் இறக்கைக்கு முன்விளிம்பு, பின்விளிம்பு, இரண்டு முகம் என நான்கு ஓட்டம், மூன்று இறக்கைக்குப் பன்னிரண்டு. நுனியருகே முன்விளிம்பு மணல் தேய்த்தது போல அரித்திருக்கும், பின்விளிம்பு ஒட்டு விட்டிருக்கும், இடி வாங்கும் உலோகப் பொட்டைச் சுற்றிக் கருகியிருக்கும். சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் வெள்ளை இறக்கை கறுப்பு நிழலாகிவிடும், மயிரிழை விரிசல் அதில் மறைந்து போகும்.

இங்கே தடுக்கும் எண் 120 மீட்டர். 2021 ட்ரோன் விதிப்படி பச்சை மண்டலத்தில் அனுமதி கேட்காமல் பறக்கலாம், ஆனால் 120 மீட்டர் வரைதான். அதற்கு மேல் அதே இடமே மஞ்சள் மண்டலம். 225, 250 கிலோவாட் பழைய காத்தாடிகள் அதற்கு வெகு கீழே அடங்கிவிடும். 120 மீட்டர் கோபுரத்தில் 60 மீட்டர் இறக்கை சுற்றும் புதியதில் நுனி 180 மீட்டர் ஏறும். மேல்நோக்கி நிற்கும் இறக்கையைப் பார்க்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் ஒவ்வோர் இறக்கையாகக் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்த வேண்டும், நேரம் கூடும்.

அனுமதி விண்ணப்பத்தில் ‘ஆளில்லா வானூர்தி’ என்று எழுதுங்கள், தளத்தில் ‘ட்ரோன்’ என்றே பேசுங்கள். வேலை உத்தரவில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வேண்டும். தொலைவலவன் (கீழே நின்று ஓட்டுபவர்) பெயர், சான்றிதழ் எண், ஏற்றும் இடத்தின் மட்டம்.