ஒரு சுற்றுக்கு நூறு கிலோ

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம். பெங்களூரில் அந்தப் பருவத்தில் வழக்கமாக அடிக்கிற இருபது நிமிடக் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. அல்சூரில் எங்கள் தெருவில் ஒரு குல்மோகர் கிளை கார் மேல் படுத்திருந்தது, கரண்ட் இல்லை. அப்போதுதான் ஹொசகோட்டே பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற நாமக்கல்காரர் ஒருவர் போன் செய்தார். நான் எழுதுவதைப் படிக்கிறவர், அவ்வளவுதான் பழக்கம்.

"ஏனுங்க தம்பி, தீவன சைலோவுக்கு நாலு பக்கமும் கேபிள் போட்டு இழுத்துக் கட்டியிருக்கறனுங்க. முறுக்கி விட்டா பத்து நாள் நிக்குது, அப்புறம் தொளதொளன்னு ஆயிடுது. கேபிள் சன்னமாப் போச்சுங்களா? இன்னும் தடிமனாப் போடட்டுங்களா?"

வேண்டாங்கண்ணா, கேபிள் அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தீவன சைலோவைக் கோழிப்பண்ணைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் உருளை, அடியில் கூம்பு, நான்கு கால். அவருடையது இரண்டரை மீட்டர் விட்டம், ஆறு மீட்டர் உயரம், பத்து டன் தீவனம் பிடிக்கும். எடை போட்டுப் பார்த்ததில்லை, ஆனால் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 700 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது காற்று. கட்டடங்களின் மேல் காற்று தரும் சுமைக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 875 என்கிற தர விதியின் மூன்றாம் பகுதியைத்தான் பார்ப்பார்கள். அதில் பெங்களூருக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும்: பெங்களூரில் சதுர மீட்டருக்கு 653 நியூட்டன், சென்னையில் 1500. உயரம், சுற்றுப்புறம் என்று கூட்டிக் கழிக்க இன்னும் நிறைய இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிடுவோம். சைலோ காற்றுக்குக் காட்டும் முகம் சுமார் பத்து சதுர மீட்டர். உருண்டை வடிவம் என்பதால் முழு அழுத்தமும் விழாது, பத்தில் ஏழு பங்கு என்று வைத்தால் சுமார் 450 கிலோ தள்ளுதல். அது தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. ஆக, சாய்க்கப் பார்க்கும் திருப்புத்திறன், அதாவது தள்ளுதலை உயரத்தால் பெருக்கியது, 1.8 டன்-மீட்டர்.

சாயாமல் பிடித்து வைப்பது அதன் சொந்த எடை. நிறைந்த சைலோ 10.7 டன், நடுவிலிருந்து கால் வரைக்கும் 1.25 மீட்டர், பெருக்கினால் 13-க்கு மேல். காற்று என்ன செய்தாலும் அசையாது. காலி சைலோவுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.9-தான் வருகிறது. அவ்வளவுதான், கவிழ்ந்துவிடும். தீவன லாரி நாளைக்கு வருகிறது என்றால் இன்றைக்கு ராத்திரி அடிக்கிற காற்றுதான் ஆபத்து. "நிறைய இருக்கறப்பத்தான் பயப்படுவனுங்க" என்றார் அண்ணன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

கால்களை நல்ல காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறக்கியிருந்தால் கேபிளே தேவைப்படாது. இவர் சைலோவைப் பழையதாக வாங்கி மெல்லிய தளத்தில் நிறுத்தியிருக்கிறார். அதனால் மிச்சமுள்ள 0.9 டன்-மீட்டரைக் கேபிள்தான் சுமக்க வேண்டும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து 45 டிகிரியில் இறங்கும் கேபிளுக்கு அது வெறும் 170 கிலோ இழுவை. அவர் போட்டிருக்கிற 8 மில்லிமீட்டர் வயர் ரோப் (கம்பிக் கயிறு) அறுவதற்கு மூன்று டன்னுக்கு மேல் வேண்டும். தடிமனை ஏற்றி ஒரு பயனும் இல்லை என்று சொன்னது இதனால்தான். பிரச்சினை வலுவில் இல்லை, தொய்வில் இருக்கிறது. தொய்ந்த கேபிள் சைலோவைக் கொஞ்சம் சாய விட்டுவிட்டு, அது வேகம் எடுத்த பிறகு வெடுக்கென்று பிடிக்கும். வெடுக்கென்று பிடிக்கும்போது விழுகிற சுமைக்கு 170 கிலோக் கணக்கெல்லாம் செல்லாது. கேபிள் தாங்கினாலும் அதை மாட்டியிருக்கிற தகட்டுக் காது கிழிந்து வரும்.

சரி, தொய்வை எடுப்பது எது? கேபிளின் அடியில் இருக்கிற டர்ன்பக்கிள். நான் ஹொசகோட்டே போனதே அதைப் பார்க்கத்தான் என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

நீள்சதுரமாக ஓர் இரும்புச் சட்டம், இரண்டு முனையிலும் மரை போட்ட துளை, ஒவ்வொன்றிலும் ஒரு கண் போல்ட். நடுச் சட்டத்தைத் திருகினால் இரண்டு போல்ட்டும் ஒரே நேரத்தில் உள்ளே வரும், கேபிள் இறுகும். பார்த்தவுடன் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கையில் எடுத்து இரண்டு முனை மரையையும் உற்றுப் பாருங்கள். ஒன்று வலதுமரை, இன்னொன்று இடதுமரை.

இரண்டும் வலதுமரையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்ப்பது நல்ல விளையாட்டு. மேல்முனையிலிருந்து பார்க்கிறவனுக்குச் சட்டம் வலமாகச் சுற்றினால், கீழ்முனையிலிருந்து பார்க்கிறவனுக்கு அதே சட்டம் இடமாகச் சுற்றும். மேலே மரை ஏறும், கீழே அதே அளவு இறங்கும். சட்டம் ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் துப்பிக்கொண்டே கேபிள் வழியாகப் புழு மாதிரி ஊர்ந்து போகும், மொத்த நீளம் ஒரு நூல்கூட மாறாது. ஒரு பக்கத்து மரையை மட்டும் திருப்பி வெட்டிவிட்டால் போதும், இரண்டு பக்கமும் விழுங்கும். கேபிளைத் தொடவே வேண்டாம், அது முறுக்கிக்கொள்ளாது. யாருக்கு முதலில் தோன்றியதோ, அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

இடதுமரை நமக்குப் புதிதில்லை. பழைய டேபிள் ஃபேன் இறக்கையைக் கழற்றும்போது மூடி எதிர்ப்பக்கம் திரும்புவதைப் பார்த்து எத்தனை பேர் அதை உடைத்திருப்போம்! சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான். ஆனால் இரண்டு மரையும் ஒரே தண்டில் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றால், பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் செய்த பழைய ரயில் பெட்டிகள் இரண்டுக்கு நடுவில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். அங்கே தொங்குகிற திருகு இணைப்பின் தண்டில் பாதி வலதுமரை, பாதி இடதுமரை. குண்டு வைத்த நெம்புகோலை ஊழியர் சுற்றச் சுற்ற இரண்டு பெட்டிகளும் நெருங்கி வரும்.

இப்போது விசைக்கு வருவோம். அண்ணனுடைய டர்ன்பக்கிள் எம்12 மரை, அதாவது 12 மில்லிமீட்டர் போல்ட். ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.75 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்து மூன்றரை. 20 சென்டிமீட்டர் கம்பியைச் சட்டத்துக்குள் விட்டுத் திருகினால் உங்கள் கை ஒரு சுற்றுக்கு 1257 மில்லிமீட்டர் போகிறது. கேபிள் நகர்வது மூன்றரை. வகுத்தால் 359 மடங்கு! ஆனால் உராய்வு இதில் ஐந்தில் நாலு பங்கைத் தின்றுவிடும், மிஞ்சுவது எழுபது எண்பது மடங்கு. அதுவே, ஐந்து கிலோ அழுத்தத்தில் முக்கால் டன்னில் பாதியை இழுக்கப் போதும். மரை துருப்பிடித்திருந்தால் இன்னும் குறையும்.

தின்கிற அந்த உராய்வைத் திட்டாதீர்கள். திருகிவிட்டுக் கையை எடுத்தால் சட்டம் தானாகத் திரும்பிச் சுற்றாமல் நிற்பது அதனால்தான். எம்12 மரையின் சரிவு மூன்று டிகிரிகூட இல்லை. உராய்வு பத்து டிகிரிச் சரிவுவரை பிடித்து வைக்கும். கணக்குப்படி அது என்றைக்கும் கழலக் கூடாது. அப்புறம் எப்படிப் பத்து நாளில் கழல்கிறது?

விரலில் இறுகிப்போன மோதிரத்தை நேராக இழுத்துப் பாருங்கள், வராது. இடமும் வலமும் திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். உராய்வு எப்போதும் பொருள் எந்தத் திசையில் நழுவுகிறதோ அதற்கு எதிராகத்தான் நிற்கும். மோதிரம் ஏற்கெனவே சுற்றுத் திசையில் நழுவிக்கொண்டிருக்கும்போது உராய்வு முழுவதும் அங்கே செலவாகிவிடும், நீளவாக்கில் தடுக்க அதனிடம் கையிருப்பு இல்லை. மரையிலும் இதேதான் நடக்கிறது. காற்றில் கேபிள் அதிர்கிறது, போல்ட் துளைக்குள் பக்கவாட்டில் மயிரிழை நழுவுகிறது. அந்த ஒரு நொடிக்கு மரையின் பிடி போய்விடும், மூன்று டிகிரிச் சரிவே போதும், சட்டம் இம்மியளவு பின்வாங்கும். பிறகு மறுபடி, மறுபடி. பக்கவாட்டு அதிர்வுதான் மரையாணிகளைக் கழற்றும் பெரிய எதிரி என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார். இதற்கென்று அவர் உருவாக்கிய இயந்திரத்தின் பாணியில்தான் நட்டு போல்ட்டுகளை இன்றும் சோதிக்கிறார்கள்.

இம்மியளவுதானே என்று விடவும் முடியாது. ஏழு மீட்டர் நீளமுள்ள 8 மில்லிமீட்டர் ரோப்பைத் தொய்வு எடுத்த பிறகு மூன்றரை மில்லிமீட்டர் இழுத்தால் அதில் ஏறுகிற இழுவை தோராயமாக நூறு கிலோ. ஒரு சுற்றுக்கு நூறு! நீங்கள் வைத்த மொத்த இறுக்கமும் இரண்டு சுற்றுக்குள் அடக்கம். இரண்டு சுற்று பின்வாங்கினால் கேபிள் வெறும் துணிக்கொடி.

இதற்கு மருந்து ஒரு முழக் கட்டுக்கம்பி. இறுக்கி முடித்ததும் மேல் கண்ணில் நுழைத்து, சட்டத்தின் நடுவெளி வழியாக எட்டு வடிவில் கொண்டுவந்து, கீழ்க் கண்ணில் முறுக்கி முடிந்துவிட வேண்டும். சட்டம் திரும்பப் பார்த்தால் கம்பி பிடித்துக்கொள்ளும். எஸ்.பி. ரோட்டில் டர்ன்பக்கிள் விற்கிற கடையில் இதை யாரும் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு முனையிலும் செக் நட்டு, அதாவது மரை திரும்பாமல் இருக்கச் சட்டத்தை ஒட்டி இறுக்குகிற நட்டு, போட்டு நிம்மதியாக இருக்கிறோம், அதுவும் அதே மரையில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதே அதிர்வுதான் அதையும் ஆட்டுகிறது. கொக்கி முனை உள்ளதையும் வாங்காதீர்கள், தொய்ந்த கணத்தில் கழன்று விழும். கண் முனையும், குறுக்கே ஆணி போட்டுப் பூட்டுகிற டி-ஷேக்கிள் வளையமும் போதும்.

ரோப்பே நீளாதா என்று கேட்பீர்கள். நீளும். வயர் ரோப் என்பது 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கையால் முறுக்கிச் செய்த பொருள். சங்கிலியில் ஒரு வளையம் போனால் எல்லாம் போச்சு, கம்பிக் கயிற்றில் ஓர் இழை போனால் மற்ற இழைகள் தாங்கும். ஆனால் முறுக்கிய பொருள் என்பதால் புதிதில் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி உட்காரும். நீளத்தில் அரை சதவீதம் என்று வைத்தால்கூட ஏழு மீட்டருக்கு 35 மில்லிமீட்டர், அதாவது பத்துச் சுற்று. புதுக் கேபிளை முதல் மாதத்தில் நாலைந்து முறை இறுக்கத்தான் வேண்டும். அண்ணனுடையது இரண்டு வருடப் பழசு, உட்கார வேண்டியதெல்லாம் உட்கார்ந்தாயிற்று.

நங்கூரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மின்கம்பத்து ஸ்டே கம்பிக்குப் புதைப்பது போலத்தான், அரை மீட்டர்க் கன காங்கிரீட் 300 கிலோ வரும், இந்த சைலோவுக்கு அது போதும். தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ராடு கேபிள் போகும் திசையிலேயே சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாக நட்டால் மழையில் ஊறிய செம்மண்ணை அறுத்துக்கொண்டு வளையும், அதுவும் தொய்வுதான்.

சைலோவின் வடக்குக் காலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. எனக்கு ஆட்சேபம் இல்லை, அது ஆடுவதைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் பூசணிக்காயைக் கட்ட எடுத்த கம்பியில் பாதியை டர்ன்பக்கிளில் கட்டியிருந்தால் நான் வந்திருக்கவே வேண்டாம். இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். விவசாயத்தில் ட்ரோன், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு வைத்தால் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது. பண்ணைகளில் நிற்கிற சைலோக்களின் கட்டுக் கேபிள் எத்தனை நாளில் தொய்கிறது என்று ஒரு மாணவரை ஒரு வருடம் அலைய விட யாரும் காசு தர மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கிளம்பும் முன் ஒரு சோதனை வைத்தேன். அண்ணன் மகளிடம் சிவப்பு நகச்சாயம் வாங்கி, நான்கு டர்ன்பக்கிளிலும் போல்ட்டின் மேலிருந்து சட்டத்தின் மேல்வரை நேராக ஒரு கோடு இழுத்தோம். ரோப் முனையைப் பிடித்திருக்கிற யூ கிளாம்ப் பக்கத்திலும் ஒரு பொட்டு. கட்டுக்கம்பியை இரண்டில் மட்டும் போட்டோம், இரண்டை வேண்டுமென்றே விட்டோம்.

எட்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. கம்பி போடாத இரண்டிலும் கோடு உடைந்திருந்தது. ஒன்றில் கால் சுற்று, இன்னொன்றில் ஏறக்குறைய முக்கால். கம்பி போட்ட இரண்டிலும் கோடு நேர்கோடாகவே இருந்தது, ஆனால் அதில் ஒன்று தொய்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யூ கிளாம்ப் மூன்றும் தலைகீழாக மாட்டியிருந்தது. சுமை தாங்குகிற பக்கத்து ரோப்பின் மேல் கிளாம்ப்பின் தட்டையான சேணம் உட்கார வேண்டும், மடித்துவிட்ட வெறும் முனையின் மேல்தான் யூ வளைவு வர வேண்டும். இங்கே மாறிப்போய், நகச்சாயப் பொட்டு கிளாம்ப்புக்கு அடியில் ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தது. நேரில் போனபோது டர்ன்பக்கிளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது கண்ணில் படவில்லை.

"அதைத் திருப்பிப் போட்டுட்டனுங்க தம்பி, லாரியும் வந்திருச்சு" என்று அடுத்த நாள் செய்தி அனுப்பினார். லாரி வந்துவிட்டால் இன்னும் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை.