பதவி வருவதற்கு முன் சொன்ன வார்த்தை

நண்பர்கள் இருவரில் ஒருவர் மட்டும் மேலே போன பிறகு வரும் மனக்கசப்போடு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் அதிகம். ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் தொழில் தொடங்கியிருப்பார்கள். ஒருவர் நிர்வாக இயக்குநர் ஆகியிருப்பார். அல்லது ஒருவருக்குக் கட்சியில் பொறுப்பு கிடைத்திருக்கும். வருபவர் பெரும்பாலும் கீழே நிற்கும் நண்பர்தான். “அவன் என்னை ஏமாத்திட்டான்” என்று ஆரம்பிப்பார். கொஞ்சம் பேசவிட்டால், எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவர் வருஷக்கணக்கில் காத்திருப்பது தெரியவரும்.

ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தருக்கும் போலந்து இளவரசர் ஆதாம் சார்டோரிஸ்கிக்கும் இருந்த நட்பை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

1795-ல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தை மூன்றாவது முறையாகப் பங்கு போட்டன. அந்த நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது. முந்தைய ஆண்டு ரஷ்யாவுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியோடு சம்பந்தப்படுத்தி சார்டோரிஸ்கி குடும்பத்தின் சொத்துகளை ரஷ்யா முடக்கியது. பிள்ளைகள் இருவரையும் பீட்டர்ஸ்பர்க் அரசவைக்கு அனுப்பச் சொன்னார் பேரரசி இரண்டாம் கேத்தரின். சேவை என்று பெயர், உண்மையில் பிணை. அப்படிப் போனவர்களில் மூத்தவர் ஆதாம்.

1796 வசந்த காலத்தில் கேத்தரினின் பேரன் அலெக்சாந்தர், டவ்ரீடா அரண்மனைத் தோட்டத்தில் ஆதாமை உலாவ அழைத்துப் போனார். அவருக்கு 18 வயது, ஆதாமுக்கு 26. நெடுநேரம் நடந்தபடியே மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்: பாட்டியின் அரசியல் எனக்கு உடன்பாடில்லை, போலந்துக்கு நேர்ந்தது அநியாயம், கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கோஸ்சியூஷ்கோ பெரிய மனிதர், கொடுங்கோன்மையை வெறுக்கிறேன். இது தன் மனைவிக்கு மட்டுமே தெரியும் என்றும் சொன்னார். எதிரி வீட்டில் பிணையாக இருப்பவரிடம் அந்த வீட்டு வாரிசே இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்? ஆதாம் நெகிழ்ந்துபோனார். அந்தப் பேச்சை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை, நினைவுக் குறிப்புகளிலும் எழுதிவைத்தார்.

அலெக்சாந்தர் அன்று பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். கையில் அதிகாரம் இல்லாதபோது மனிதர்கள் தங்கள் ஆசையை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அதிகாரம் வந்த பிறகு ஒவ்வொரு ஆசைக்கும் யாரோ ஒருவரைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போலந்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் ரஷ்யப் பிரபுக்களைப் பகைக்க வேண்டும், பிரஷ்யாவையும் ஆஸ்திரியாவையும் பகைக்க வேண்டும்.

1801-ல் அலெக்சாந்தர் அரியணை ஏறியதும் ஆதாமைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டார். சீர்திருத்தம் பற்றித் தனியே கூடிப் பேசிய நான்கு நண்பர்களில் ஆதாமும் ஒருவர். 1804-ல் வெளியுறவுத் துறையே அவர் கைக்கு வந்தது. தன் நாட்டுப்பற்றை அவர் எப்போதும் மறைக்கவில்லை. 1805 இலையுதிர்காலத்தில் பேரரசர் புவாவியில் ஆதாமின் வீட்டிலேயே வந்து தங்கினார். போலந்தைத் திருப்பித் தரும் அறிவிப்பு இதோ வரப்போகிறது என்று போலந்துக்காரர்கள் காத்திருந்தார்கள். அவரோ அங்கிருந்து பெர்லினுக்குப் போய் பிரஷ்யாவோடு கைகோத்தார். டிசம்பர் 2-ம் தேதி ஆஸ்டர்லிட்சில் நெப்போலியனிடம் தோல்வி. போர்க்களத்தில் நீங்கள் இருந்ததால் நன்மை விளையவில்லை என்று அடுத்த ஆண்டு ஆதாம் அவருக்கே எழுதினார், பதவியையும் விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் சரி. முடியவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1815-ல் ரஷ்ய மன்னருக்குக் கீழ் ஒரு போலந்து ராஜ்யம் உருவானது. அதன் அரசியல் சாசனத்தை உருவாக்குவதில் ஆதாம் முன்னின்று உழைத்தார். மன்னரின் பிரதிநிதி பதவி அவருக்குத்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அலெக்சாந்தர் அதை ஜெனரல் சயான்செக்குக் கொடுத்தார். படை, தம்பி கான்ஸ்டன்டினிடம். கண்காணிக்கும் ஆணையர் பொறுப்பு, அந்த நால்வரில் ஒருவரான நோவசில்சேவிடம். அதே நோவசில்சேவ்தான் 1823-ல் வில்னா (இன்றைய வில்னியஸ்) மாணவர்களைக் கைது செய்து விசாரித்தார். அங்கே கல்விப் பொறுப்பை 20 ஆண்டுகள் சுமந்த ஆதாம் அதையும் இழந்தார்.

எங்கள் தொழிலில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மேலே இருப்பவர் பழைய அன்போடுதான் பேசுவார், தோளில் கை போடுவார். ஆனால் முக்கியமான பொறுப்பு வரும்போது, எதிர்த்துப் பேசாத வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார். கீழே இருப்பவரோ “அவன் மனசுல அது இருக்கு, நேரம் வரல” என்பார். 1796-லிருந்து 1825-ல் அலெக்சாந்தர் இறக்கும்வரை ஆதாமின் கதையும் ஏறத்தாழ இதுதான். 1830-ல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகப் போலந்தில் வெடித்த எழுச்சியில் அவர் தேசிய அரசுக்குத் தலைமை ஏற்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, நாடுகடந்து பாரிசில் வாழ்ந்து, 1861-ல் பிரான்சிலேயே இறந்தார்.

உங்கள் நண்பர் பதவியில் இருக்கிறாரா? அவர் பேச்சை விட நியமனங்களைக் கவனியுங்கள். கடைசியாக வந்த வாய்ப்பை யாருக்குக் கொடுத்தார், ஏன்? பழைய வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தாட்சண்யம் பார்க்காமல் நேரடியாகக் கேளுங்கள். எப்போது நடக்கும், அதற்கு யார் சம்மதிக்க வேண்டும், யார் தடுப்பார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்றால் உங்கள் வாழ்க்கைத் திட்டத்தை அதன்மேல் கட்டாதீர்கள். நட்பை முறிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை வேறு இடத்தில், நட்பு இங்கே என்று பிரித்த பிறகு நன்றாகப் பழகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே இருப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடியாதென்று தெரிந்த நாளே சொல்லிவிடுங்கள். அன்று கோபப்படுவார், சில மாதம் பேசாமல்கூட இருப்பார். ஆனால் அவருடைய வயதும் உழைப்பும் வீணாகாது. இருவரும் தனியாகப் பேசினால் சண்டையாகும் என்று தோன்றினால், இருவரிடமும் எந்த லாபமும் எதிர்பார்க்காத பொதுவான ஒருவரை உடன் உட்கார வையுங்கள். அவர் ஆலோசகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.