டர்போ வண்டியில் இழுவை குறைந்தால் டர்போவைக் கடைசியில் பாருங்கள்

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சியின் டீசல் கார், சென்ற கோடையில் காரைக்குடியிலுள்ள என் பட்டறைக்கு வந்தது. நான்காம் கியரிலேயே லாரியை முந்திக்கொண்டிருந்த வண்டி இப்போது மூன்றுக்கு இறக்கினாலும் தயங்குகிறது என்றார் ஓட்டுநர். வெளியூரில் ஒரு பட்டறையில் ‘டர்போ போய்விட்டது’ என்று சொல்லி, பல பத்தாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட்டும் கொடுத்திருந்தார்கள். ஆச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, அது போச்சுன்னு எதை வச்சுச் சொல்றாக?”

அந்தக் கேள்வியைத்தான் எல்லா வண்டிக்காரர்களும் கேட்க வேண்டும். டர்போ என்பது புகைபோக்கிக்குச் செல்லும் வாயுவின் வேகத்தால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் ஒரு சக்கரம்தான். ஏர் ஃபில்டர் முதல், சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜின் வரை அந்தக் காற்று கடக்கும் பாதையில் எங்கே அடைத்தாலும், எங்கே கசிந்தாலும், இருக்கையில் இருப்பவருக்குத் தெரிவது ஒரே குறைதான்: வண்டி இழுக்கவில்லை.

ஆகவே நான் முதலில் கேட்பது, இழுவை ஒரே நாளில் குறைந்ததா, மாதக்கணக்கில் குறைந்ததா என்பதே. சிறிது சிறிதாக என்றால் ஃபில்டரைத் திறப்பேன். நம் பக்கத்துச் செம்மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்குவதில்லை. திடீரென்று குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்ற சத்தமும் கேட்டால், காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மீதுதான் சந்தேகம்.

ஆச்சியின் வண்டியில், அதன் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, சாலையில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்துப் பார்த்தோம். இன்ஜின் கேட்ட காற்றழுத்தம் 2.2 பார், கிடைத்ததோ 1.4. இந்த எண்களில் வெளிக்காற்றின் அழுத்தமான 1 பாரும் அடக்கம் என்பதால், டர்போ சேர்க்க வேண்டிய 1.2 பாரில் 0.4 மட்டுமே வந்து சேர்ந்தது. சாவியைத் திருப்பி, இன்ஜினை எழுப்பாமல் பார்த்தபோது அளவு சரியாக 1 பார் காட்டியதால், சென்சார் பொய் சொல்கிறது என்று நினைக்கவும் இடமில்லை.

பிறகு காற்றுப் பாதையின் இரு முனைகளையும் அடைத்து, கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு அருகே, எண்ணெய்ப் பசையில் செம்மண் அப்பியிருந்த இடத்திலிருந்து நுரை பொங்கியது. மேலிருந்து பார்த்தால் கண்ணில் படாத, சும்மா இருக்கும்போது உதடு போல மூடிக்கொண்டு அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் இரண்டு அங்குல வெடிப்பு அது. ஹோஸை மாற்றியதும் இழுவை திரும்பியது. பழைய ஹோஸை ஆச்சி ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் சென்றார். எங்கே காட்டப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. சென்னையிலிருந்து பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வந்து எடுக்கப்படும், மற்ற நாளெல்லாம் வளவு வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில், டர்போவைக் கட்டுப்படுத்தும் சிறிய வேக்குவம் பைப்பை எலி கடித்துவிடுகிறது. பைப்பின் விலை மிகச் சொற்பம். அறிகுறியோ டர்போவே செத்ததுபோல இருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். இருப்பதால், காற்று குறைந்தாலும் கரும்புகை வெளியே தெரியாமல் போகலாம். காரைக்குடிக்குள்ளேயே மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அந்தக் கரி எரிந்து தீர்வதற்குச் சூடு போதாமல், டி.பி.எஃப். அடைத்துக்கொண்டு, இழுவையும் குறையும். அதற்கான விளக்கு எரிந்தால், கையேட்டில் சொல்லியபடி நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பிறகு பட்டறைக்கு வாருங்கள்.

உண்மையிலேயே டர்போ போயிருந்தால் அதற்குத் தடயம் இருக்கும்: சக்கரத்தின் அச்சான ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியும், அல்லது சக்கரத்தின் இறக்கைகள் உறையில் உரசிய கோடு விழுந்திருக்கும். அதை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். மாற்றும்போது அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய டர்போவுக்கு எண்ணெய் கிடைக்காமல் செய்த அடைப்பு அந்தக் குழாயிலேயே இருந்தால், புதியதும் அதே வழியில் போய்விடும்.