பரிசோதனைக்கு முந்தைய இரவு

காலை ஆறரை மணிக்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. காப்பி குடிக்காமல் வந்தவர்களின் சிடுசிடுப்பு எல்லா முகங்களிலும். என் பெரியப்பா மட்டும் தெம்பாக உட்கார்ந்திருந்தார். நான்கு நாள்களாகச் சோற்றைத் தொடவில்லை, முந்தைய இரவு இரண்டே சப்பாத்தி. "இன்றைக்கு நூற்றிருபதைத் தாண்டாது, பார்" என்றார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 171 என்று வந்தது.

"பட்டினி கிடந்தும் இதுதான் என்றால் எதற்கு இந்தப் பாடு?" திரும்பும் வழியில் ஆட்டோவை டீக்கடை முன் நிறுத்தச் சொன்னார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, இரண்டு வடை. நான்கு நாள் பத்தியம் அந்த இடத்தில் முடிந்தது.

நீரிழிவு என்றால் கணையத்தைப் பற்றிப் பேசுகிறோம், இன்சுலினைப் பற்றிப் பேசுகிறோம். 171 என்ற எண்ணைப் பார்த்த கண்ணுக்கும் வடையை எடுத்த கைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பேசுவதில்லை. சர்க்கரையின் போக்கைப் பாதி தீர்மானிப்பது அந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த 171. இரவில் நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோசை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மூளைக்குத் தீனி வேண்டுமே. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை சுரந்து இதை இன்னும் முடுக்கிவிடும். கல்லீரலுக்குக் கடிவாளம் போடுவது இன்சுலினின் வேலை. அந்த இன்சுலின் போதாமலோ சரியாக வேலை செய்யாமலோ இருந்தால், இரண்டு சப்பாத்தியோடு படுத்தவருக்கும் காலையில் எண் ஏறித்தான் நிற்கும். பெரியப்பா ஒழுங்காகத்தான் இருந்தார். எண் அவருடைய ஒழுக்கத்தை அளக்கவில்லை, கல்லீரலின் இரவுப் பணியை அளந்தது. (இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் இப்படிப் பரிசோதனைக்காக இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம்.)

அதே தாளில் இன்னொரு எண்ணும் இருந்தது: ஹெச்பிஏ1சி 8.9. ரத்தச் சிவப்பணுக்களுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அவை உலவும் காலமெல்லாம் அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது உதிர்வதில்லை. அதனால்தான் இதை மூன்று மாதச் சராசரி என்கிறார்கள். கடைசி ஒரு மாதத்தின் பங்கு இதில் ஏறக்குறைய பாதி என்றாலும், நான்கு நாள் சப்பாத்தி அதை அசைக்காது.

பெரியப்பா இரண்டு எண்களையும் மதிப்பெண்ணாகப் படித்தார். தேர்வுக்கு முதல் நாள் விழுந்து விழுந்து படித்தவர், தோற்றதும் புத்தகத்தைத் தூக்கிப் போடுகிற மாதிரி. உளவியலாளர்கள் இதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் இருவரும் சுவை பற்றிய ஆய்வு என்று சொல்லிப் பெண்களுக்கு ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சிலருக்கு அதற்கு முன்பே மில்க் ஷேக்கும் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ கூடுதலாகச் சாப்பிட்டார்கள்! 'அதுதான் கெட்டுப்போயிற்றே, இனி என்ன' என்கிற கணக்கு. டீக்கடையில் நடந்ததும் அதுதான்.

எண் தீர்ப்பாகிவிட்டால் மருந்தும் தண்டனையாகிவிடும். இன்சுலின் ஊசி என்றதும் பலர் மிரள்வது ஊசி முனைக்காக மட்டுமல்ல. 'நாம் தோற்றுவிட்டோம்' என்று தோன்றுவதால்தான். பிரிட்டனில் இருபது ஆண்டு நடந்து 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படும்போதே இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதாகக் கணித்தார்கள். பிறகும் அது குறைந்துகொண்டேதான் போகிறது. பத்தாண்டு கழித்து ஊசி தேவைப்பட்டால் அதில் நோயின் போக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

குற்ற உணர்வு, சலிப்பு, வீட்டாரின் நச்சரிப்பு, 'கண் போய்விடுமோ' என்ற பயம் எல்லாம் சேர்ந்த இந்தப் பாரத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வித்தியாசம் உண்டு. பாஸ்டனில் வில்லியம் பொலான்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1995இல் இதை அளக்க இருபது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை உருவாக்கினார்கள். நூற்றுக்கு 40க்கு மேல் போனால் பாரம் அதிகம் என்று பொருள். ஐந்து நிமிட வேலை. நம் ஊரில் எந்தச் சர்க்கரை மருத்துவரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், 'சலிப்பாக இருக்கிறதா?' என்று கேட்பதில்லை.

அதற்குப் பதிலாகக் காத்திருப்பு அறைச் சுவரில் புண்ணான கால்களின் படங்களை மாட்டி வைக்கிறோம். பயம் வேலை செய்யுமா? 1965இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் நோயைப் பற்றி அதிகமாக மிரட்டியும் கொஞ்சமாக மிரட்டியும் சொல்லிப் பார்த்தார்கள். எவ்வளவு மிரட்டினார்கள் என்பது தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையை மாற்றவில்லை. சுகாதார நிலையத்தின் வரைபடத்தைக் கையில் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்று யோசிக்கவும் வைத்தவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். மற்றவர்களில் 3 சதவீதம்தான்.

அதற்காக 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்கிற உற்சாகத்தையும் நான் நம்பமாட்டேன். அது மாத்திரையை மறக்கச் செய்யும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியது வேறொன்றைப் பற்றி: 'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்கிற குறிப்பான நம்பிக்கை. அதை வளர்ப்பதில் அறிவுரையைவிட வலுவானது, ஒரு சிறிய காரியத்தைத் தானே செய்து பலனைக் கண்ணால் பார்ப்பது.

பெரியப்பாவின் விஷயத்தில் அந்தச் சிறிய காரியம் வெண்பொங்கல். அதை விடமாட்டேன் என்றார். சரி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள் என்றேன். 248. இரண்டு நாள் கழித்து அதே பொங்கல், அதே கரண்டி அளவு. சாப்பிட்டதும் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை இரண்டு முறை போய்வந்தார். 203. தசை இயங்கும்போது இன்சுலினின் தயவை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை, 45 குறைந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் சொல்லப் போய்விட்டார். ஒரு ஜோடி அளவுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் மறு வாரம் இட்லிக்கும் தோசைக்கும் அவரே போட்டி வைத்தார்.

இப்போது ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஒன்றில் எண்களை எழுதுகிறார். முன்பெல்லாம் விருந்துக்குப் போன நாளில் மீட்டரைத் தொடவே மாட்டார். பந்தியில் பெரியம்மா முறைப்பார் என்பதால் பாயசத்தைச் சமையற்கட்டின் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிற ஆள். போன மாதம் டைரியைப் புரட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே 262, பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்தில்: 'கல்யாணம். பாயசம் இரண்டு முறை. நடக்கவில்லை, மழை.'