கேயாஸ்: பொருள், பிறப்பு, தமிழ் இணைச்சொல்

கேயாஸ் என்ற சொல் தமிழில் இன்று இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. பொதுப் பேச்சில் அது பெருங்குழப்பத்தையும் கட்டுமீறிய நிலையையும் குறிக்கிறது. அறிவியலிலோ, ஓர் அமைப்பு திட்டவட்டமான விதிக்கு இம்மியும் பிசகாமல் கட்டுப்பட்டு இயங்கியும், அதன் நெடுங்காலப் போக்கை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலைக்கு அது பெயர். முதற்பொருளில் விதி இல்லை. இரண்டாம் பொருளில் விதி முழுமையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கருதாமல் இணைச்சொல் தேடினால், எதிர்ப்பொருள் தரும் சொல்லைக் கைக்கொள்ள நேரிடும். வானிலை, அணுக்கரு, கடலோரப் பாறைச் சிப்பி என ஒன்றுக்கொன்று தொலைவான துறைகளில் இச்சொல் எதைச் சுட்டுகிறது என்று பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேர்வது முறை.

சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. வாய் பிளத்தல், அகலத் திறத்தல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடைய அச்சொல், தொடக்கத்தில் பெரும்பிளவு, அடியற்ற வெற்றிடம் என்றே பொருள்பட்டது. எல்லாவற்றுக்கும் முன்னே தோன்றியது இதுவே என்று கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடினார். அவர் கருதியது குழப்பமன்று, வெறுமை. அந்தத் தொன்மப் பொருளுக்குத் தமிழில் ‘பாழ்’ என்னும் பழஞ்சொல் மிகப் பொருந்தும். உலகம் உருப்பெறுமுன் கிடந்த வடிவற்ற கலவைத் திரள் என்ற பொருளை அதற்கு ஏற்றி நிலைபெறச் செய்ததில் உரோமக் கவிஞர் ஓவிடுக்குப் பெரும் பங்குண்டு. ஐரோப்பிய மொழிகளில் ‘தாறுமாறு’ என்ற பொருள் அங்கிருந்து வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிளெமிய வேதியியலறிஞர் வான் ஹெல்மோன்ட் காற்றுப் பொருள்களுக்குப் பெயரிட முயன்றபோது இதே கிரேக்கச் சொல்லை மனத்திற்கொண்டே ‘கேஸ்’ என்ற சொல்லை ஆக்கினார். நம் சமையலறை வரை வந்துவிட்ட அச்சொல்லும் கேயாசும் ஒரே குடும்பம்.

அறிவியற் பொருள் மிகப் பிந்தியது. கருத்து பெயருக்கு முன்பே பிறந்துவிட்டது. சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்காரின் 60ஆம் பிறந்தநாளை ஒட்டி அறிவிக்கப்பட்ட பரிசுக்காக, ஈர்ப்பால் பிணைந்த மூன்று பொருள்களின் இயக்கத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதர் ஹென்றி புவான்கரே, அதில் எளிய சூத்திரத்துக்குள் அடங்காத சிக்கலான பாதைகள் இருப்பதைக் கண்டு 1890இல் வெளியிட்டார். 1961இல் அமெரிக்க வானிலையியலர் எட்வர்ட் லோரென்ஸ் தம் கணினிக் கணக்கொன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டியபோது, 0.506127 என்று இருக்க வேண்டிய எண்ணை, தாளில் அச்சாகியிருந்தபடி 0.506 என்று இட்டார். புதிய கணக்கு சிறிது நேரம் பழைய வழியே சென்று, பிறகு முற்றிலும் வேறொரு வானிலைக்குப் போய்விட்டது. அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1963இல் வந்தது. அதன் தலைப்பில் கேயாஸ் என்ற சொல் கிடையாது. விதியால் தீர்மானிக்கப்பட்டும் மீளச் சுழலாத ஓட்டம் என்னும் பொருளில்தான் தலைப்பு அமைந்தது. சிறு அசைவு வானிலையையே மாற்றிவிடலாம் என்பதற்கு லோரென்ஸ் முதலில் எடுத்துக்காட்டாகச் சொன்னது கடற்பறவையின் சிறகடிப்பைத்தான். வண்ணத்துப்பூச்சி 1972இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பில் வந்து சேர்ந்தது. கணிதத்தில் கேயாஸ் என்ற பெயரை நிலைபெறச் செய்தது, மூன்று படியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுழற்சி இருந்தால் எத்தனை படியில் திரும்பும் சுழற்சியும் இருக்கும் என்று தியென்-யீன் லியும் ஜேம்ஸ் யார்க்கும் 1975இல் எழுதிய கட்டுரை. பெயர் கவர்ச்சியானது, நிலைத்துவிட்டது. ஆனால் அது சுட்டும் பொருளுக்கு அது அவ்வளவு நேர்மையான பெயரன்று என்பதே என் கருத்து.

அதைக் காட்டக் கணினிகூட வேண்டாம், ஒரு கணிப்பான் போதும். 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணை எடுத்து, அதை 1இலிருந்து கழித்துக் கிடைப்பதோடு அவ்வெண்ணைப் பெருக்கி, வந்ததை 4ஆல் பெருக்குக; விடையை மீண்டும் அதே விதிக்கு உட்படுத்துக. உயிரினத் தொகையின் ஏற்ற இறக்கத்தை விளக்க உயிரியலர் ராபர்ட் மே 1976இல் எடுத்துக்காட்டிய சமன்பாட்டின் ஒரு வடிவம் இது. 0.2இல் தொடங்கினால் அடுத்தது 0.64, பிறகு 0.9216. 0.201இல் தொடங்கினால் 0.6424, 0.9189. நான்காம் படியில் ஒன்று 0.822, மற்றது 0.837, இன்னும் அருகருகேதான் இருக்கின்றன. பத்தாம் படியில் ஒன்று 0.148 என்றும் மற்றது 0.989 என்றும் ஆகிவிடுகின்றன. இதில் எங்கும் தற்செயல் நுழையவில்லை. ஒவ்வொரு படியும் கூட்டல் வாய்பாடு போல உறுதியானது. தொடக்கத்தில் இருந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு படிகள் செல்லச் செல்லப் பெருகியதுதான் நிகழ்ந்தது. இப்பண்பைத் தொடக்கநிலை சார்ந்த கூருணர்வு என்று சொல்லலாம். கேயாஸ் என்பதன் அறிவியல் வரையறையில் இது முதல் உறுப்பு. இயக்கம் ஒரு வரம்புக்குள் அடைபட்டிருப்பதும், சென்ற பாதைக்கே திரும்பிச் சுழலாமல் இருப்பதும் மற்ற உறுப்புகள்.

எனவே இங்கே முன்னறிய முடியாமை என்பது அறவே முடியாமை அன்று. அதற்கு ஒரு கால எல்லை உண்டு. வானிலைக்கு அது ஏறத்தாழ இரண்டு வாரம். சூரியக் குடும்பத்துக்கு மிக நீண்டது: புவி இன்று இருக்கும் இடத்தை அளப்பதில் 15 மீட்டர் பிழை நேர்ந்தாலும், 10 கோடி ஆண்டுக்குச் சற்றுப் பின்னர் அது தன் பாதையில் எங்கிருக்கும் என்று கூற இயலாது என்பதைப் பிரெஞ்சு வானியலர் ழாக் லாஸ்காரின் 1989ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் லட்சுமணன், முரளி ஆகியோர் அமெரிக்க மின்பொறியியலர் லியோன் சுவாவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட எளிய மின்சுற்று, இதே பண்பை ஆய்வு மேசையிலேயே காட்டுவது. அவர்கள் மூவரின் பெயராலேயே அது உலகெங்கும் அறியப்படுகிறது.

அணுக்கருவுக்கு வரும்போது சொல்லின் பொருள் நுட்பமாக மாறுகிறது. இதனைக் கவனிக்காத விளக்கங்களே மிகுதி. அணுக்கருவின் ஒரு முகம் பேரொழுங்கு உடையது. புரோட்டான்களோ நியூட்ரான்களோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் இருக்கும்போது அணுக்கரு தனி நிலைப்பு பெறுவதை, துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைவதாகக் கொள்ளும் கூடு மாதிரி அழகாக விளக்குகிறது. ஆனால் கனமான அணுக்கருவுக்குள் ஒரு மெதுவான நியூட்ரான் புகுந்ததும், அதன் ஆற்றல் எல்லாத் துகள்களுக்கும் பங்கிடப்பட்டு, எந்தத் துகளுக்கும் தனிப்பாதை என்று சொல்ல ஒன்றுமில்லாத கூட்டுக்கரு உருவாகிறது. டென்மார்க் இயற்பியலர் நீல்ஸ் போர் 1936இல் இதை விளக்க, ஆழமற்ற கிண்ணம் ஒன்றில் உருண்டைகளை இட்டு, வெளியிலிருந்து உருட்டிவிட்ட ஓர் உருண்டை மற்றவற்றோடு மோதி மோதித் தன் ஆற்றலை இழப்பதைப் படமாகக் காட்டினார். அந்த நிலையில் ஆற்றல் மட்டங்கள் மிக நெருங்கி நிற்கின்றன. யுரேனியம்-238இல் நியூட்ரான் ஒத்ததிர்வுகள், அதாவது நியூட்ரானை அணுக்கரு எளிதில் பற்றும் ஆற்றல்கள், 6.67, 20.9, 36.7, 66.0, 80.7, 102.6 எலெக்ட்ரான் வோல்ட் என்று வரிசையாக வருகின்றன. சராசரி இடைவெளி ஏறத்தாழ 20. இவ்வரிசையை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலவில்லை.

ஆகவே இயற்பியலர் யூஜின் விக்னர் 1950களில் துணிவான வழி ஒன்றை மேற்கொண்டார். அணுக்கருவின் உண்மையான சமன்பாட்டை விட்டுவிட்டு, சமவாய்ப்பு முறையில், அதாவது தற்செயலாக, எண்களை நிரப்பிய பெரிய அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றை அதன் இடத்தில் வைத்தார். அந்த அணி தரும் மட்டங்களுக்கு ஒரு தனிப்பண்பு உண்டு: அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றோடொன்று தொடர்பற்றுச் சிதறிய எண்களில் மிக நெருங்கிய இணைகள் அடிக்கடி தென்படும். இங்கோ அவை அரியவை. மேலே தந்த யுரேனிய வரிசையிலும் ஒட்டி நிற்கும் இரு மட்டங்கள் இல்லை. பல அணுக்கருக்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மட்டங்களைத் திரட்டி ஆர். யு. ஹக், அகிலேஷ் பாண்டே, ஓரியோல் போஹிகாஸ் ஆகியோர் 1982இல் ஒப்பிட்டபோது, அளவீடுகள் விக்னர் வழிவந்த கோட்பாட்டோடு மிக நெருங்கிப் பொருந்தின. 1984இல் போஹிகாஸ், ஜியானோனி, ஷ்மிட் மூவரும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர்: நியூட்டன் வழிவந்த பழைய இயக்கவியலில் எந்த அமைப்பு கேயாஸ் உடையதோ, நுண்துகள் உலகின் விதிகளுக்கு உட்பட்ட அதன் குவாண்டம் வடிவத்தின் ஆற்றல் மட்டங்களில் இந்த விலக்கும் பண்பு காணப்படும்.

குவாண்டம் இயக்கவியலில் துகளுக்குத் துல்லியமான பாதை கிடையாது. அதன் அடிப்படைச் சமன்பாடும் நேரியல் தன்மை உடையது, சிறு வேறுபாட்டை அது பெருக்குவதில்லை. ஆகவே இரு பாதைகள் விரைந்து பிரிகின்றன என்ற வரையறையை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது. அணுக்கருவில் கேயாஸ் என்று சொல்லும்போது, மட்டங்களின் இடைவெளிப் பரவலில் பதிந்திருக்கும் ஒரு புள்ளியியல் தடயத்தையே ஆய்வாளர் குறிக்கின்றனர். சொல் ஒன்றுதான், ஆனால் லோரென்சின் வானிலையில் அது இயக்கத்தின் பெயர், இங்கோ அது தடயத்தின் பெயர்.

கடற்கரையில் அது மீண்டும் முதல் அறிவியற் பொருளுக்கே திரும்புகிறது. நியூசிலாந்தின் வட தீவில், லீ என்னும் ஊரருகே உள்ள கோட் ஐலண்ட் விரிகுடாவின் பாறைகளை இருபது ஆண்டுக்கு மேல் கண்காணித்த பதிவுகளை எலிசா பெனின்கா, பில் பாலன்டைன், ஸ்டீபன் எல்னர், யெஃப் ஹியூஸ்மன் ஆகியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். வெறும் பாறையில் முதலில் சுண்ணக்கூடு கட்டி ஒட்டுவது கொட்டலசு என்னும் சிறு கடலுயிர். அதன்மேல் படலப் பாசி பரவுகிறது. இவ்விரண்டின் மேல்தான் நாரிழை விட்டுப் பற்றும் சிறு கருஞ்சிப்பிகள் குடியேறி, அடியிலுள்ளவற்றை மூடி அழிக்கின்றன. பிறகு சிப்பித் திரளும் பாறையிலிருந்து பெயர்ந்துவிட, வெறும் பாறை மீள்கிறது. இச்சுழற்சியைப் பருவங்களின் வெப்பமாற்றம் தொடர்ந்து அலைக்கழிப்பதால், அது ஒருபோதும் துல்லியமாகத் தன்னையே மீண்டும் செய்வதில்லை. எந்த உயிரினமும் நிரந்தரமாக வெல்வதும் இல்லை, ஒழிவதும் இல்லை.

அந்த ஆய்வாளர் இதைக் கேயாஸின் விளிம்பு என்றனர். இது அலங்காரத் தொடரன்று, அளவிடத்தக்க கருத்து. அருகருகே தொடங்கும் இரு போக்குகள் எவ்வளவு விரைவாகப் பிரிகின்றன என்பதை ரஷ்யக் கணிதர் லியாபுனோவின் பெயரால் அமைந்த அடுக்கு காட்டுகிறது. அது நேர்க்குறி பெற்றால் போக்குகள் பிரியும், எதிர்க்குறி பெற்றால் ஒன்றையொன்று நெருங்கும். சுழிக்கு அருகே இருந்தால் விளிம்பு.

இனித் தமிழ்ச் சொல். வழக்கில் உள்ளவற்றுள் ‘குழப்பம்’ மிகப் பரவலானது. அதுவே மிகப் பொருந்தாததும்கூட. தெளிந்தது கலங்குதல் என்னும் பொருளுடைய குழம்பு என்ற வினையடியாக வந்த அச்சொல், மனநிலையையும் கலகத்தையும் குறிக்கவே பெரிதும் பயன்படுகிறது. மேலே செய்த பெருக்கல் கணக்கில் கலங்கியது எதுவும் இல்லை. ‘ஒழுங்கின்மை’ மேலானது, ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. கண்ணாடி போன்ற பொருள்களில் அணுக்கள் வரிசையின்றி அமைந்திருப்பதை அச்சொல்லாலேயே சொல்கிறோம்; அது நிலையான அமைப்பு பற்றியது, கேயாஸோ காலத்தில் நிகழும் இயக்கம் பற்றியது. மேலும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘எழுமாறு’ என்றும் சொல்லும் தற்செயல் கருத்தோடு ஒழுங்கின்மை எளிதில் கலந்துவிடும். அணுக்கரு இயற்பியலில் சமவாய்ப்பு அணியைக் கொண்டு கேயாஸின் தடயத்தை அறிகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டியிருக்கையில், இவ்விரு சொற்களும் தெளிவாக வேறுபட்டு நிற்பது இன்றியமையாதது.

இக்காரணங்களால் ‘விதிவழி ஒழுங்கின்மை’ என்ற தொடரை நான் பரிந்துரைக்கிறேன். விதி என்றதும் ஊழை நினைப்பவர் உண்டு என்பது உண்மையான தடைதான். ஆயினும் இயக்க விதி, ஈர்ப்பு விதி என்று பள்ளி முதலே படித்துப் பழகிய அறிவியல் உரைநடையில் அந்த மயக்கம் எழாது. கட்டுரையில் முதன்முதலில் வரும் இடத்தில் இத்தொடரை இட்டு விளக்கிவிட்டு, பிறகு சுருக்கமாகக் கேயாஸ் என்று எழுதுவதில் குறையில்லை. கிரந்த எழுத்தைத் தவிர்ப்போர் கேயாசு என்று எழுதலாம். ‘கயாஸ்’ என்ற வடிவம் ஒலிப்புக்குப் பொருந்தவில்லை. பெயரடை தேவைப்படும்போது ‘கேயாடிக்’ என்று இன்னொரு கடனைச் சேர்க்காமல், கேயாஸ் இயக்கம், கேயாஸ் உடைய அமைப்பு என்று தமிழ் முறையில் தொடரமைப்பதே நல்லது. அணுக்கருவைப் பொறுத்தவரை ‘குவாண்டம் கேயாஸ்’ என்று நேராகச் சொல்வதைவிட ‘கேயாஸின் குவாண்டம் தடயம்’ என்று எழுதினால், அங்கே அளக்கப்படுவது பாதைகளின் பிரிவன்று, மட்டங்களின் இடைவெளி என்பது சொல்லிலேயே விளங்கும்.