அரியோகார்பஸ்: தாகத்தைவிட ஈரம்தான் ஆபத்து

விதையிலிருந்து வளர்ந்த அரியோகார்பஸ் உள்ளங்கை அகலம் இருந்தால், அது பத்து வயதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். மெக்சிகோவின் சிவாவா பாலைவனத்தில் சுண்ணாம்புக் கற்களோடு கல்லாக, தரைமட்டத்தில் பதுங்கி வளரும் கள்ளி இது. (நம் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம். அவற்றைக் கீறினால் பால் வடியும், இதில் வடியாது.)

பெரும்பாலான செடிகள் பகலில் மேல்தோலிலுள்ள நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும், கூடவே நீரையும் இழக்கும். கள்ளி இரவில்தான் திறக்கும். உள்ளே வரும் வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்களில் சேமிக்கும். பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலின் துணையோடு சர்க்கரை செய்யும். ஓர் இரவில் எவ்வளவு அமிலம் அடங்குகிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் மறுநாளின் சமையல். அதனால் வளர்ச்சியும் மெதுவு, தண்ணீர் குடிப்பதும் மெதுவு. ரோஜா இரண்டு நாளில் உறிஞ்சிவிடும் ஈரம் இதன் தொட்டியில் இரண்டு வாரம் கிடக்கும். காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறும், பிறகு பூஞ்சை நுழையும்.

ஆகவே மண் கலவையில்தான் எல்லாம் இருக்கிறது. 3 முதல் 5 மில்லிமீட்டர் பியூமிஸ் (நுரைபோல் துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது உடைத்த செங்கல் நான்கு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் ஒரு பங்கு. தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள். இடுக்குகளை அடைத்து நீரைப் பிடித்து வைப்பது அதுதான். தென்னை நார்த்தூள் நிறைந்த நர்சரிக் கலவை வேண்டவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டு நின்ற பிறகு நெட்டாக நிறுத்தினால் மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான்: அடியில் ஒரு பட்டை ஈரத்தை விடாமல் பிடித்திருக்கும். ஜல்லி அந்தப் பட்டையை வேருக்கு அருகே உயர்த்துகிறது, அவ்வளவுதான். முழு ஆழத்துக்கும் ஒரே கலவை போடுங்கள். கிழங்கு போன்ற வேருக்கு ஆழமான மண்தொட்டி நல்லது.

துடைப்ப ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரம் தட்டாவிட்டால் மாலையில், அடித்துளையில் வழியும்வரை ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி கூரைக்கடியில் இருக்கட்டும். வறட்சியில் உடல் சுருங்கி மண்ணுக்குள் இறங்கினால் பதற வேண்டாம், இதன் இயல்பே அது. பயப்பட வேண்டியது அடிப்பாகம் மெத்தென்று அமுங்கினால்தான். உடனே பிடுங்கி, பழுப்பு வளையம் மறையும்வரை சுத்தமான கத்தியால் சீவி, கந்தகப் பொடி தூவி நிழலில் பத்து நாள் உலர்த்த வேண்டும். அப்படியும் எல்லாம் பிழைப்பதில்லை.

பொறுமையில்லாதவர்கள் நாற்றை டிராகன் பழத்தண்டில் ஒட்டுக் கட்டலாம். இரண்டின் நடுவிலும் தெரியும் நீர்க்குழாய் வளையங்கள் தொட்டுக்கொண்டால் ஒட்டும். வளர்ச்சி வேகமெடுக்கும், ஆனால் செடி ஊதிப் பருத்து, அந்தக் கல் தோற்றம் போய்விடும்.