டிராக் பந்தய டயரில் காற்று ஏன் நிற்பதில்லை?

சிப்பாங் கார் பந்தயத் தடத்தில் டிராக் போட்டி, அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற பந்தயம், நடக்கப்போகிறது என்ற செய்தி பரவினால், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் டயர் பட்டறைக்கு ஒரே குறை திரும்பத் திரும்ப வந்து சேரும். “அண்ணே, ராத்திரி அடிச்ச காத்து காலையில பாதி இல்ல. எங்கேயும் ஆணி ஏறல.” சொல்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய புரோட்டோன் கார்களான சத்ரியாவையோ வீராவையோ பந்தயத்துக்குத் தயார் செய்யும் தம்பிமார்கள். அவர்களில் பலர், இறங்கிய காற்றை மறுபடியும் நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். காற்று எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் நிரப்பிக்கொண்டு தடத்தில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாலையில் ஓடும் காரின் டயரில் சுமார் 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காற்று இருக்கும். அதில் 2 குறைந்தால் பதினாறில் ஒரு பங்குதான் குறைகிறது. பந்தயத்துக்கென்றே வரிப்பள்ளங்கள் இல்லாமல் வழவழப்பாகச் செய்யப்படும் ஸ்லிக் டயரிலோ, வண்டியின் எடையையும் டயரின் வகையையும் பொறுத்து, பெரும்பாலும் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரைதான் வைக்கிறார்கள், இலகுவான வண்டிகளில் அதற்கும் கீழே போவதுண்டு. 12 இருக்கும் இடத்தில் 2 குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். சத்ரியா, வீரா போன்றவற்றுக்கு முன்சக்கரங்களே இழுவை கொடுப்பதால், ஸ்லிக் முன்னால்தான் இருக்கும். அவற்றில் ஒன்றில் மட்டும் காற்று குறைந்திருந்தால், கிளட்சை விட்ட நொடியிலேயே வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், முடிவுக்கோட்டை நெருங்கும் வேகத்தில் ஸ்டீயரிங் அலையும், பக்கச்சுவர் மடிந்து டயர் ரிம்மை விட்டே விலகவும் கூடும்.

காற்று போகும் முதல் வழி ரப்பரே. நம் பேராக் மண்ணில் கோலகங்சாரில் 1877இல் ஊன்றப்பட்ட கன்றுகளில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்களிலிருந்து வந்த நமக்கே, இயற்கை ரப்பர் காற்றை மெல்ல மெல்லக் கசியவிடும் என்பது வியப்பாக இருக்கலாம். 1937இல் உருவாக்கப்பட்ட பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் காற்றை அதைவிடப் பல மடங்கு நன்றாகத் தடுத்து நிறுத்துவதால், இன்றைய டியூப்லெஸ் டயர்களின் உட்புறத்தில் அந்த வகை ரப்பரால் ஒரு படலம் இடப்படுகிறது. ஸ்லிக் டயரின் பக்கச்சுவரோ, புறப்படும்போது சுருங்கி மடிந்து தடத்தைப் பற்ற வேண்டும் என்பதற்காகவே மெல்லியதாகச் செய்யப்படுகிறது. சாலை டயரில் இருப்பதுபோன்ற தடித்த உட்படலம் பல ஸ்லிக்குகளில் இருப்பதில்லை. எனவே புதிய ஸ்லிக்கில் ஓரிரவில் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கினால், அது கெட்டுப்போன டயர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இதை நேரில் பார்க்க விரும்பும் தம்பிகளுக்கு நான் காட்டுவது எளிய சோதனைதான். டயரைக் கிடையாகப் படுக்கவைத்து, பக்கச்சுவர் முழுவதும் சோப்பு நீரைத் தடவிவிட்டுச் சற்றுப் பொறுத்தால், ஒரே இடத்தில் பெரிய குமிழி எழாமல், கழுத்தோரம் அரும்பும் வியர்வையைப் போல மிகச் சிறு நுரைப்புள்ளிகள் பரவலாகத் தோன்றும். அதுவே நுண்துளைக் கசிவு. பாத்திரம் கழுவும் திரவத்தையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து, டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் உட்புறப் பக்கச்சுவரில் தூரிகையால் பூசிக் காயவிடுவது பந்தயக்காரர்களின் பழைய வழக்கம். நுண்துளைகளை அது ஓரளவுக்கு நன்றாகவே அடைக்கிறது. ரிம்மோடு பொருந்தும் டயரின் விளிம்பில், அதாவது பீட் என்று நாங்கள் சொல்லும் பகுதியில், இந்தக் கலவை படக் கூடாது. கடைகளில் புட்டியில் விற்கும் பொத்தல் அடைப்பான்களை நிறைய ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. உள்ளே தேங்கும் திரவம் வேகத்தில் சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்துவிடும்.

டியூப் போட்டே ஓட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் ஸ்லிக்கில் டியூபைத் தவிர்க்காதீர்கள். எடை சற்றுக் கூடும் என்பது உண்மைதான், ஆனால் காற்று நிற்கும். டியூபை ஏற்றுமுன் டயரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளை உரித்தெடுத்து, டால்கம் பவுடர் தூவிவிட வேண்டும்; சிறு மடிப்போ சீட்டின் ஓரமோ உராய்ந்து உராய்ந்தே டியூபைப் பொத்தலாக்கிவிடும்.

என் அனுபவத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் ரிம்தான். செம்மண் சாலைக் குழிகளில் அடிபட்டு, சுத்தியலால் தட்டி நிமிர்த்தப்பட்ட அலாய் ரிம்மை ஸ்லிக்குக்குப் பயன்படுத்துகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். டயரைக் கழற்றி, விளிம்பு அமரும் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெண்மையான மாவு ஒட்டினால் அலுமினியம் அரித்திருக்கிறது. அந்தச் சொரசொரப்பின் ஊடாகத்தான் காற்று வெளியேறும். உலோகத்தைக் குடையாமல், மென்மையான தேய்ப்பானால் மட்டும் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். விரிசலை வெல்டிங் செய்து மூடிய ரிம்மை நான் பந்தயத்துக்கு மாட்டித் தருவதில்லை. யார் கேட்டாலும் தருவதில்லை.

குறைந்த காற்றில் முழு விசையோடு புறப்படும்போது ரிம் சுழல, டயர் பின்தங்கி வழுக்கும். டியூப் இருந்தால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். இல்லாவிட்டால் விளிம்பு அசைந்து காற்று சீறும். டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் டயர் வழுக்கியிருக்கிறது. ஏற்றும்போது கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ தடவும் பழக்கத்தால் இது மேலும் மோசமாகும், ரப்பரும் ஊதிக் கெடும். சற்றே சோப்பு நீர் போதும். ஏற்றிய பிறகு ஒரு நாளாவது காயவிட வேண்டும். வழுக்காமல் இருக்க ரிம்மில் துளையிட்டுத் திருகு முடுக்குவது உண்டு, ஆனால் திருகின் நீளம் தவறினால் அதுவே புதிய கசிவாகிவிடும் என்பதால், கை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

வால்வைப் பொறுத்தவரை, ரப்பர் வால்வை எடுத்துவிட்டுத் திருகி இறுக்கும் உலோக வால்வைப் போடுங்கள். ரப்பர் வளையம் உள்ள உலோக மூடியும் இருக்கட்டும்.

கசிவே இல்லாமல் காற்று குறைந்ததுபோல் தெரிவதும் உண்டு. பகல் 33 பாகை வெயிலில் 12 பி.எஸ்.ஐ. வைத்த டயர், மறுநாள் விடியற்காலை 24 பாகையில் முக்கால் பி.எஸ்.ஐ. அளவு குறைத்துத்தான் காட்டும். வெயிலில் நிறுத்தி இருபது பாகை சூடேறினால் இரண்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஆகவே நிழலில், டயர் ஆறிய நிலையில், ஒரே அளவுமானியால் அளந்து பழகுங்கள். பெட்ரோல் நிலைய இயந்திரங்கள் சாலை டயரின் 200 கிலோபாஸ்கலையொட்டிய அளவுகளுக்காக வைக்கப்பட்டவை; 12 பி.எஸ்.ஐ. என்பது 83 கிலோபாஸ்கல்தான். அரை பி.எஸ்.ஐ. வேறுபாட்டைக் காட்டும், 15 அல்லது 30 வரை மட்டுமே எண்ணிட்ட அளவுமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அடித்தால் கசியாது என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

விளிம்பு அமரவில்லை என்று பெட்ரோலோ ஸ்பிரேயோ அடித்துத் தீவைப்பதை எந்தப் பட்டறையில் கண்டாலும் அங்கிருந்து விலகிவிடுங்கள். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் காற்றை ஏற்றி அமரவைப்பதும் அதே அளவு ஆபத்தானது. பக்கச்சுவரில் பொத்தல் விழுந்த ஸ்லிக்குக்கு ஒட்டுப் போட முடியாது. பழைய ஸ்லிக்கை வாங்கும்போது பக்கச்சுவரை விரல்களால் மடித்துப் பாருங்கள். கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சிப்பாங்குக்குச் சாலை டயரிலேயே போய், ஸ்லிக்கை அங்கே மாட்டுங்கள்; மழைச் சாலையில் ஸ்லிக்குக்குப் பிடிப்பே கிடையாது. திரும்பி வந்ததும் வண்டியின் எடை அதன் மேல் நிற்காதபடி கழற்றி, கறுப்பு நெகிழிப் பையில் சுற்றி, வெயில் படாத இடத்தில், வெல்டிங் இயந்திரத்துக்கும் மின்மோட்டாருக்கும் தள்ளி வையுங்கள். அவற்றிலிருந்து உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்.